எல்லாப்பிரகடா சுப்பாராவ்

எல்லாப்பிரகடா சுப்பாராவ் (1895 – 1948) இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உயிர்வேதியியல் அறிஞர் ஆவார். இவர் தலைமையேற்றிருந்த ஆய்வகத்தில் உருவான ஆரியோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி, மருத்துவத்தில் மட்டுமன்றிக் கால்நடை வளர்ப்பிலும் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியது.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் இன்றைய ஆந்திரப் பிரதேசத்திலுள்ள பீமவரத்தில் ஜனவரி 12, 1895 அன்று பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றார். கதராடை அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்தினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழையே பெற்றார். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஆசிரியராக இருந்தபின், 1922 இல் பாஸ்டன் சென்று ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தார். 1940 இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்து, பின்னர் அதன் ஆய்வுப் பிரிவுத் தலைவரானார்.

ஆரியோமைசினும் கால்நடைகளும்

மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பெஞ்சமின் டக்கர் கண்டறிந்த ஆரியோமைசின் 1948 இல் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் சுப்பாராவ் காலமானார். சில மாதங்களில் அதே ஆய்வகத்தின் தாமசு ஜூக்சும் இராபர்ட் இசுடாக்ஸ்டாடும், மருந்து தயாரிப்பில் எஞ்சிய கழிவைத் தீவனத்தில் கலந்து கோழிக்குஞ்சுகளுக்கு அளித்தனர். குஞ்சுகள் விரைந்து வளர்ந்தன. உயிர்ச்சத்து பி12 மட்டுமே இதற்குக் காரணமன்று, கழிவில் தங்கிய மருந்தும் காரணம் என்பது 1950 இல் வெளியிடப்பட்டது.

நுண்ணுயிரற்ற சூழலில் வளர்க்கப்பட்ட குஞ்சுகளிடம் இவ்விளைவு காணப்படவில்லை. எனவே, மருந்து குடல்வாழ் நுண்ணுயிர்களின் மீது செயற்படுவதே வளர்ச்சிக்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. இம்முறை உலகெங்கும் பரவியது. மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களும் பெருகின. ஆகவே ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காகத் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கலப்பதை 2006 இல் முற்றிலும் தடை செய்தது. கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் அளிப்பதை இந்தியா 2019 இல் தடை செய்தது.