பொதுமொழி கண்ட மருத்துவர்

மொழி வேற்றுமையால் மக்கள் பகைமை கொள்வதைக் கண்டு இளமையிலேயே வருந்தியவர் லுட்விக் சாமன்ஹாப். அவர் 1859 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15 ஆம் நாள் பியாலிஸ்டாக் என்னும் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். இன்று போலந்து நாட்டைச் சேர்ந்த அந்நகர், அக்காலத்தில் ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. ரஷ்யர், போலந்தியர், ஜெர்மானியர், யூதர் ஆகியோர் அங்கே தத்தம் மொழியைப் பேசி, ஒருவரையொருவர் அயலாராகவே கருதி வாழ்ந்தனர். எல்லார்க்கும் பொதுவான மொழி ஒன்று இருப்பின் இப்பகை தணியும் எனச் சிறுவராகிய சாமன்ஹாப் எண்ணினார்.

அவர்தம் தந்தையார் மொழியாசிரியர். 1873 ஆம் ஆண்டில் அக்குடும்பம் வார்சா நகரில் குடியேறியது. அந்நகர்ப் பள்ளியில் பயிலுங்கால் சாமன்ஹாப் புதுமொழி ஒன்றை அமைக்க முற்பட்டார். ஆயின், எண்ணற்ற சொற்களை யார் மனப்பாடம் செய்வர் என்னும் ஐயம் அவரை வாட்டியது. ஒருநாள் தெருவிலிருந்த இரண்டு பெயர்ப் பலகைகளில் ரஷ்யச் சொற்கள் ஒரே விகுதியில் முடிந்திருப்பதைக் கண்டார். சில விகுதிகளைக் கொண்டு ஒரு சொல்லிலிருந்தே பல சொற்களை ஆக்கலாம் என்பது அவருக்குப் புலனாயிற்று.

1878 ஆம் ஆண்டு டிசம்பர் 17 ஆம் நாள் பள்ளித் தோழர் சிலர் அவர் இல்லத்தில் கூடினர். இலக்கணமும் அகராதியும் மேசைமீது இருந்தன. மாணவர்கள் புதுமொழியில் உரையாடினர். மக்கள் ஒற்றுமையைப் போற்றும் பாடலொன்றையும் பாடினர். ஆனால், அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்தபின் அம்முயற்சியைப் பெரியோர் எள்ளி நகைக்கவே, தோழர்கள் அதனைக் கைவிட்டனர். சாமன்ஹாப் தனித்து நின்றார்.

மருத்துவம் பயின்ற காலத்தில் அவர் தம் மொழியைப் பற்றிப் பிறரிடம் பேசவில்லை. உரையாடத் துணையில்லாத நிலையில், அம்மொழியில் நூல்களைப் பெயர்த்தும் புதியன எழுதியும் பார்த்தார். ஏட்டில் சீராகத் தோன்றிய பல, பயன்படுத்துங்கால் இடர் விளைத்தன. அவற்றை நீக்கியும் திருத்தியும் மொழியைச் செம்மை செய்தார். நாளடைவில் அம்மொழியிலேயே சிந்திக்கவும் பழகினார்.

1887 ஆம் ஆண்டில், மாமனார் அளித்த பொருளுதவியால் அவரது நூல் வார்சாவில் வெளிவந்தது. நம்பிக்கையுடையவர் என்னும் பொருள்படும் எஸ்பெராண்டோ என்ற புனைபெயரை அவர் அதில் பூண்டார். அதுவே பின்னர் மொழிக்கும் பெயராயிற்று. அதன் இலக்கணம் 16 விதிகளுள் அடங்கும். கற்றலைக் குறிக்கும் லெர்னி என்னும் சொல்லிலிருந்து, பள்ளியைக் குறிக்கும் லெர்னேயோவும் மாணவரைக் குறிக்கும் லெர்னந்தோவும் பிறக்கும்.

1905 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் புலோன் நகரில் முதல் உலக மாநாடு கூடியது. பல நாட்டினரும் மொழிபெயர்ப்பாளர் துணையின்றி உரையாடினர். அன்று தோழர் சிலரோடு தொடங்கிய பேச்சு, இப்போது நாட்டெல்லைகளைக் கடந்து ஒலித்தது. அம்மொழி எல்லார்க்கும் உரியது எனக் கூறி, சாமன்ஹாப் தமக்குரிய உரிமைகளைத் துறந்தார்.

வார்சாவில் ஏழை மக்களுக்குக் கண் மருத்துவம் புரிந்து எளிமையாக வாழ்ந்த அவர், முதல் உலகப் போர் நிகழ்ந்துகொண்டிருந்த 1917 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள் காலமானார். அவர் விரும்பிய அமைதியை அவர் காணவில்லை. எனினும், தோழர் கைவிட்ட மொழியைத் தனித்து நின்று காத்த அவரது உறுதி வீண்போகவில்லை. அம்மொழி இன்றும் பல நாடுகளில் பேசப்பட்டு வருகின்றது.