கவலை வாசலில் நிற்கும்போதே வரும் அமைதி



விடுமுறை நாட்களில் ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் 14 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நம் ஏலகிரிக்கு வருகிறார்கள். கொஞ்சம் நிம்மதி தேடித்தான் வருகிறார்கள். ஏரிக்கரையில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் போன் வருகிறது. ஆர்டர் நின்றுவிட்டது, ஷூ கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள் என்று செய்தி. முகம் வாடிவிடுகிறது.

ஸவ்ர் குகையை நினைத்துப் பாருங்கள். தேடி வந்தவர்களின் கால்கள் குகை வாசலில் தெரிகின்றன. அபூபக்கர் (ரலி) அவர்கள் பெருமானார் (ஸல்) அவர்களுக்காகப் பதறுகிறார்கள். அல்லாஹ் தன் ஸகீனத்தை, அதாவது மன அமைதியை, அப்போதுதான் இறக்கினான். எதிரிகள் திரும்பிப் போன பிறகு அல்ல. தவ்பா அத்தியாயத்தில் இதைக் காணலாம்.

நம் தோல் தொழிலைச் சேர்ந்த ஒருவரின் வாழ்வில் இதைப் பார்ப்போம். காயிதே மில்லத் இஸ்மாயில் சாஹிப் அவர்கள் 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலி பேட்டையில் பிறந்தார்கள். ஒத்துழையாமை இயக்கத்திற்காக பி.ஏ. தேர்வையே விட்டவர்கள். பிறகு சென்னையில் தோல் வணிகத்தில் இறங்கினார்கள். மிம்பரில் கட்சி பேச நான் வரவில்லை. அந்த மனிதரின் நெஞ்சுறுதிதான் நமக்குப் பாடம்.

பிரிவினை முடிந்த நேரம். பக்கத்து வீட்டுக்காரரே சந்தேகமாகப் பார்த்த காலம். முஸ்லிம் லீக்கைக் கலைத்துவிடுங்கள் என்று எல்லாப் பக்கமும் நெருக்கடி. பலர் ஒதுங்கிக்கொண்டார்கள். 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் வெகு சிலரே கூடினார்கள். பொறுப்பை இஸ்மாயில் சாஹிப் ஏற்றார்கள்.

அரசியல் நிர்ணய சபையில் நடந்ததைக் கேளுங்கள். 1948 நவம்பரில், ஷரீஅத் தனியார் சட்டத்திற்குப் பாதுகாப்புக் கேட்டுத் திருத்தம் கொண்டுவந்தார்கள். தோற்றது. 1949 மே மாதம் சிறுபான்மையினரின் பிரதிநிதித்துவத்திற்காகப் பேசினார்கள். பட்டேல் கடுமையாகப் பதில் சொன்னார். அதைவிட வேதனை, சபையிலிருந்த முஸ்லிம் உறுப்பினர்களிலேயே பலர் எழுந்து அவர்களை எதிர்த்துப் பேசியது. அதுவும் தோற்றது. செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது, மறுபடியும் எழுந்து, தொன்மைதான் அளவுகோல் என்றால் தமிழுக்கே அந்தத் தகுதி என்று வாதாடினார்கள். அதையும் சபை ஏற்கவில்லை.

பத்து மாதத்தில் மூன்று தோல்வி! நம்மில் ஒருவருக்கு ஒரு ஆர்டர் ரத்தானால் ஒரு வாரம் வீட்டில் யாரோடும் பேச்சில்லை.

அவர்கள் உள்ளத்தில் என்ன வலி இருந்தது என்பதை அல்லாஹ்வே அறிவான். நமக்குத் தெரிவது, ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அடுத்த வேலைக்குப் போனார்கள் என்பதுதான். வசைக்கு வசை திருப்பித் தரவில்லை. தேசப்பற்றைச் சந்தேகித்த அதே நாட்டுக்கு, 1962 சீனப் போரின்போது தம் ஒரே மகனைப் படைக்கு அனுப்பத் தயார் என்று நேருவுக்கு எழுதினார்கள். கசப்பை மனதில் சேர்த்து வைத்தவரால் இப்படி எழுத முடியுமா?

வேலை போய்விடுமோ என்று தூக்கம் வராமல் புரளும் சகோதரரே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். துக்கம் வருவது ஈமானின் குறை அல்ல. நபி (ஸல்) அவர்களுக்கே துக்க ஆண்டு என்று ஓர் ஆண்டு இருந்தது. கவலை வந்தால் அவர்கள் தொழுகைக்கு விரைந்தார்கள். நீங்களும் எழுந்து உளூச் செய்து இரண்டு ரக்அத் தொழுங்கள். பத்து வருடத்துக் கணக்கை அந்த இரவிலேயே போட வேண்டாம். விடிந்ததும் செய்ய வேண்டிய ஒரு வேலையை மட்டும் முடிவு செய்யுங்கள். மனைவியிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மனபாரம் தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் போவதில் வெட்கம் வேண்டாம், மருத்துவமும் சுன்னத்துதான்.

மஞ்சேரி மக்கள் 1962, 1967, 1971 என்று மூன்று முறை இஸ்மாயில் சாஹிபை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினார்கள். 1972 ஏப்ரல் 5 அன்று சென்னையில் வஃபாத்தானார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியிருக்கிறார்கள். சிகிச்சைக்கோ சரக்கு விஷயமாகவோ சென்னை போகிறவர்கள், அங்கே ஒரு வக்து தொழுதுவிட்டு ஸலாம் சொல்லி வாருங்கள். அல்லாஹ் அவர்களின் கப்ரை விசாலமாக்குவானாக! ஆமீன்.