மருத்துவர் சுப்பாராவும் ஒரு விற்றமினும்

உயர்தர உயிரியலில் ஏ.ரீ.பி. என்ற மூன்றெழுத்து வராத அலகு குறைவு. அதை இனங்கண்டவர்களுள் ஒருவர் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதும், புற்றுநோய்க்கு எதிரான முதல் மருந்துகளில் ஒன்று அவரது ஆய்வுகூடத்திலிருந்து வந்தது என்பதும் கடந்த தவணையில்தான் எனக்குத் தெரியவந்தன. அவர் பெயர் எல்லாப்ரகட சுப்பாராவ்.

1895இல், அன்றைய மெட்ராஸ் மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தார். மெற்றிக்குலேசன் பரீட்சையில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறையே சித்தியடைந்தார். (இதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரே தடவையில் சித்தியடைவதும் குற்றமில்லை என்றார்.) மருத்துவம் படிக்கையில் கதர் உடுத்தியது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகத் தரம் குறைந்த சான்றிதழே கிடைத்தது. அவருடைய சகோதரர் இருவர் ஸ்புரூ என்ற குடல் நோயால் சில நாள் இடைவெளியில் இறந்தனர். அந்த நோயோடு வரும் குருதிச்சோகைக்குப் பிற்காலத்தில் போலிக் அமிலம் மருந்தானது. அன்று அந்த அமிலத்தை யாரும் அறிந்திருக்கவில்லை.

1923இல் பொஸ்டன் சென்று ஹாவட்டில் சேர்ந்தார். செலவுக்காக வைத்தியசாலையில் சிற்றூழியர் வேலையும் பார்த்தார். பிஸ்க் என்பவரோடு 1927இல் தசையிலுள்ள பொசுபோகிரியேற்றினையும், 1929இல் ஏ.ரீ.பி.யையும் அறிவித்தார். அதே வருடம் ஜேர்மனியில் லோமானும் ஏ.ரீ.பி.யைக் கண்டிருந்தார். ஊரில் விட்டுவந்த மனைவியிடம் சுப்பாராவ் திரும்பிப் போகவேயில்லை. அவருடைய விஞ்ஞானத்தை எவ்வளவு மதித்தாலும் இந்த இடம் எனக்கு உறுத்துகிறது.

ஹாவட்டில் நிரந்தரப் பதவி கிடைக்காமல், 1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்குப் போனார். பம்பாயில் கர்ப்பிணிப் பெண்களின் குருதிச்சோகை மதுவச் சாற்றால், அதாவது நாங்கள் பாணில் பூசும் மார்மைட்டால், குணமாவதை லூசி வில்ஸ் என்ற மருத்துவர் 1931இல் எழுதியிருந்தார். அதற்குள் இருந்த பொருள்தான் போலிக் அமிலம். சுப்பாராவின் குழு அதைச் செயற்கையாகத் தயாரித்தது.

பொஸ்டனில் சிட்னி பாபர் என்ற மருத்துவர், அந்த விற்றமினைச் சார்ந்த பொருள்களைக் குருதிப் புற்றுநோயுள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்தார். நோய் குறையவில்லை, வேகமாகியது. புற்றுநோய்க் கலத்துக்கும் அதே உணவுதான் வேண்டியிருந்தது! அப்படியானால் அதைத் தடுத்தால் என்ன? போலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைக் கெடுக்கும் அமினொப்ரெரினை சுப்பாராவின் குழு தயாரித்துக் கொடுத்தது. 1948 யூனில் பாபர் வெளியிட்ட அறிக்கையில், கடுமையாக நோயுற்றிருந்த 16 பிள்ளைகளில் 10 பேருக்கு நோய் தணிந்திருந்தது. தற்காலிகமாகத்தான். ஆனால் அதற்கு முன் இந்த நோயில் மருத்துவர்களின் கையில் எதுவுமே இருக்கவில்லை.

பரீட்சைக்குப் படிப்பவர்கள் இதை இப்படி நினைவில் வைக்கலாம். இழையுருப்பிரிவுக்கு முன், இடையவத்தையின் எஸ் கட்டத்தில் டீ.என்.ஏ. இரட்டிக்க வேண்டும். அதற்குத் தைமின் வேண்டும்; தைமினை ஆக்கப் போலிக் அமிலம் வேண்டும். அந்த அமிலத்தைப் பயன்படத்தக்க நிலைக்கு மாற்றும் நொதியத்தின் உயிர்ப்பு மையத்தில் இந்த மருந்து போய் உட்கார்ந்துகொள்கிறது. இரட்டித்தல் நின்றுவிடுகிறது. அடிக்கடி பிரியும் என்பு மச்சை, குடற்சுவர், மயிர்வேர்க் கலங்களும் அகப்படுவதால்தான் பக்க விளைவுகள். சுப்பாராவுக்கு இவ்வளவும் தெரிந்திருக்க வழியில்லை. டீ.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவம் வெளியானதே 1953இல்.

அமினொப்ரெரினின் நெருங்கிய உறவான மெதொற்றெக்சேற் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. உம்மம்மா மூட்டுவாதத்துக்காக அதைக் குறைந்த அளவில் வாரத்துக்கு ஒரு நாள் குடிக்கிறார். வேறொரு நாளில் போலிக் அமில மாத்திரை. எதிரிகள் இருவரும் ஒரே டப்பாவில்.

யானைக்கால் நோய்க்கான டீ.ஈ.சி. மருந்தும் லெடர்லியில் அவர் காலத்தில் வந்ததுதான். அந்த மருந்து கொண்டு போராடிய இலங்கை, அந்நோயை ஒழித்ததாக 2016இல் அங்கீகாரம் பெற்றது.

பாபரின் அறிக்கை வந்து இரண்டு மாதத்தில், 1948 ஓகஸ்ட்டில், சுப்பாராவ் தூக்கத்திலேயே காலமானார். வயது 53. எட்டு வருடங்களின் பின், சூல்வித்தகக் கலங்களில் தோன்றும் ஒரு புற்றுநோய் மெதொற்றெக்சேற்றால் முற்றாகக் குணமாவதை அமெரிக்க மருத்துவர்கள் கண்டார்கள்.