ஒலிக்கு எண் கண்ட துறவி

எங்கள் யட்டியாந்தோட்டையிலே, களனி ஆறு பெருக்கெடுத்தோடும் மழைக்காலத்து இரவுகளில், ஆற்றிரைச்சலோடு கலந்து வரும் ஓசை ஒன்றுண்டு. தோட்டத்து மக்கள் ஸ்டோர் என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையின் ஓசை அது. பச்சைக் கொழுந்து பரப்பிய நீண்ட தொட்டிகளின் அடியே பெரிய விசிறிகள் காற்றை ஊதிக்கொண்டிருக்கும். ஈரம் மிகுந்த நாள்களில் அக்காற்றோடு அடுப்பின் வெப்பமும் சேர்க்கப்படும்.

அவ்விசிறியைப் பற்றி மாணவன் ஒருவன் என்னிடம் ஒரு வினா எழுப்பினான். அவன் தந்தையார் கொழுந்து வாட்டும் வேலை செய்பவர். விசிறியின் குரல் தாழ்வதைக் கொண்டே பெல்ட்டு தளர்ந்துவிட்டது என்று அறிந்துவிடுவாராம். விஞ்ஞானப் பாடநூலிலே தான் மனனஞ் செய்யும் மீடிறன், உரப்பு, பரிவு என்னும் சொற்களுக்கும் அவ்விசிறிக்கும் உறவு ஏதும் உண்டா என்று அவன் கேட்டான். தமிழ் பாட்டுக்கே உரியது, யந்திரத்துக்கு ஆங்கிலமே ஏற்றது என்று தோழர்கள் நகைப்பதாகவும் சொன்னான். இலக்கணங் கற்பித்தே தலை நரைத்த எனக்கு உடனே விடை வரவில்லை. அன்றிரவு விபுலானந்த அடிகளின் யாழ் நூலை எடுத்து விரித்தேன். யந்திரமும் தமிழும் ஒரே நெஞ்சிற் குடியிருக்க வல்லன என்பதற்கு அப்பெரியாரின் வாழ்வினும் சிறந்த சான்று யான் அறியேன்.

அடிகள் 1892 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கீழ்மாகாணத்துக் காரைதீவில் தோன்றினார். தந்தையார் சாமித்தம்பி, தாயார் கண்ணம்மை. பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். கல்முனையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பயின்ற அவர், தமிழையும் வடமொழியையும் உடன் கற்றார். ஆசிரியப் பயிற்சி பெற்றபின் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து விஞ்ஞானம் பயின்றார். 1916 ஆம் ஆண்டிலே விஞ்ஞான டிப்புளோமாவும், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் அவருக்கு ஒருங்கே வாய்த்தன. ஆய்வுகூடத்துக் குடுவையும் ஏட்டுச் சுவடியும் ஒரே கையிற் பிடிக்கப்பட்ட ஆண்டு அது!

யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியராயிருந்த அவர், 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டதாரியானார். மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியும் வந்தது. ஆயினும் 1922 இல் அனைத்தையும் துறந்து சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924 இல் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். துறந்தவை பதவியும் ஊதியமுமே. கல்வியையோ தமிழையோ அவர் துறந்தாரல்லர். நாடு திரும்பிப் பள்ளிகள் பல வளர்த்தார். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார்.

விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் கற்பிக்கச் சொற்கள் எங்கே என்ற கேள்வி அக்காலத்துத் தமிழகத்திலே பெரிதாய் எழுந்திருந்தது. ஆங்கிலச் சொற்களை அப்படியே பெயர்த்தெழுதுவோர் ஒருபால். வடசொற்களை அடுக்குவோர் மற்றொருபால். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் 1936 இற் கூட்டிய கலைச்சொல் மாநாட்டுக்கு அடிகளே தலைமை தாங்கினார். அம்முயற்சியின் பயனாக ஏறத்தாழப் பதினாயிரஞ் சொற்கள் 1938 இல் நூலாக வெளிவந்தன. தமிழ் மட்டும் வல்லவர் பொருளறியாது சொல் ஆக்குவர். விஞ்ஞானம் மட்டும் வல்லவர் பொருளறிந்தும் சொல்லின்றித் திகைப்பர். இரண்டும் வல்ல அடிகள் அந்த அவைக்கு வாய்த்தது தமிழ் செய்த தவம் என்பேன்.

இவ்விரு புலமையும் ஒன்றாய்க் கனிந்தது யாழ் நூலிலேதான். சிலப்பதிகார அரங்கேற்று காதையிலே யாழாசிரியன் இயல்பு கூறும் பகுதியை விளக்கப் புகுந்து, பல்லாண்டு ஆராய்ந்து, வழக்கொழிந்த யாழ்க் கருவிகளின் உருவத்தையும் நரம்புகளின் அளவையும் அவர் வகுத்துரைத்தார். பழம் உரைகாரர் சொல்லாற் கூறியதை அவர் எண்ணால் உரசிப் பார்த்தார். நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு இருமடங்காகும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் ஒன்றரை மடங்காகும். முன்னையது மேற்குரல், பின்னையது குரலுக்குரிய இளி. இளி என்ற பழஞ்சொல் வெறும் பெயரன்று, 3க்கு 2 என்னும் விகிதத்தின் பெயர் என்று அறிந்தபோது என் உள்ளம் சிலிர்த்தது.

1947 ஜூன் 5, 6 ஆம் நாள்களில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவிலே, திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் யாழ் நூல் அரங்கேறியது. அவர் கணித்தவாறு செய்த யாழ்கள் அங்கே மீட்டப்பட்டன. அடுத்த திங்கள் 19 ஆம் நாள் அடிகள் கொழும்பிலே மறைந்தார். மட்டக்களப்புச் சிவானந்த வித்தியாலயச் சூழலில் அவர் துயில்கின்றார்.

என் மாணவனுக்கு மறுநாள் விடை சொன்னேன். மீடிறன் முதலிய சொற்கள் அடிகள் ஆக்கியவை என்று யான் கூறவில்லை. 1950களின் பிற்பாதி முதல் இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற் தொகுதிகளும் பாடநூல்களும் நம் நாட்டுச் சொற்களை நிலைபெறச் செய்தன. தமிழகத்தார் அதிர்வெண் என்பதை நாம் மீடிறன் என்கின்றோம்; அவர்கள் ஒத்ததிர்வு என்பதை நாம் பரிவு என்கின்றோம். ஆயினும் சொல்லை எண்ணோடு பொருத்திப் பார்க்கும் வழியை அடிகளிடமே கற்றுக்கொள்ளலாம்.

ஆறு இதழ்களையுடைய விசிறி செக்கனுக்குப் பதினைந்து முறை சுழன்றால், இதழ்கள் காற்றை 90 முறை தாக்கும். அந்த 90 தான் முனகலின் மீடிறன். பெல்ட்டு தளர்ந்தாற் சுற்றுக் குறையும், மீடிறன் குறையும், குரல் தாழும். தந்தையாரின் செவி கண்டது இதுவே. காதுக்கு ஓசை பெரிதாகவோ சிறிதாகவோ படுவது உரப்பு. ஒலியின் செறிவை அளக்கும் அளவு தெசிபெல். செறிவு பத்து மடங்கானால் 10 தெசிபெல் ஏறும். ஒரு குறித்த வேகத்தில் மட்டும் தகரக் குழாய் சேர்ந்து அதிர்ந்து முழங்குவது பரிவு. நரம்பின் மெல்லோசையை யாழின் பத்தர் வாங்கிப் பெருக்குவதும் அதனோடு உறவுடையதே. கொழும்பு மாளிகைகளின் குளிரூட்டிக் குழாய்களிலும் இவையே நிகழ்கின்றன. ஆங்கே குழாயின் உட்புறத்திலே பஞ்சுபோன்ற பொருளைப் பதித்து ஓசையை உறிஞ்சவைப்பர். பத்தர் ஓசையை வளர்க்கும். பஞ்சு அதை அடக்கும்.

மாணவன் அன்று மாலையே தந்தையாருடன் சென்று விசிறியின் இதழ்களை எண்ணி வந்தான். ஆறல்ல, எட்டு என்று என்னைத் திருத்தினான். பண்டிதன் பிழையை மாணவன் எண்ணால் திருத்தியதை அடிகள் கேட்டிருந்தால் பெரிதும் மகிழ்ந்திருப்பார்.