கர்னல் ஆல்காட்டும் படைவீரனின் தொப்பியும்

கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் என்னும் பெயரைத் தமிழ்ப் பௌத்தர்கள் நன்கறிவர். மார்பளவு தொங்கும் வெண்தாடியுடன் விளங்கும் அவர்தம் படத்தையும் பலர் கண்டிருப்பர். ஆயினும், சாந்தமே உருவான அப்பெரியாரின் பெயருக்கு முன்னே கர்னல் என்னும் படைப்பட்டம் நிற்பதேன் என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே. கோட்டைகளைப் பிடித்து அவர் அப்பட்டத்தைப் பெற்றாரல்லர். எளிய படைவீரனுக்குரிய பொருளைக் களவாடியவர்களைத் தேடிப் பிடித்த பணியால் பெற்றார். அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

ஆல்காட் 1832ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஆரஞ்சு என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையாரின் வாணிகம் நொடித்தமையால் கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்தி, ஓஹையோ மாநிலம் சென்று உழவுத் தொழிலில் ஈடுபட்டார். சர்க்கரைச் சோளத்தைப் பற்றி 1857ல் அவர் வெளியிட்ட நூல் அவருக்குப் புகழ் தேடித் தந்தது. பின்னர் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் வேளாண்மைப் பகுதியை எழுதி வந்தார். அடிமை முறையை ஒழிக்க ஆயுதமெடுத்த ஜான் பிரௌன் 1859ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் வர்ஜீனியாவில் தூக்கிலிடப்பட்டபோது, அப்பத்திரிகையின் ஆட்களை அந்நாட்டார் பகைவராகக் கருதினர். அங்ஙனமிருந்தும், ஆல்காட் உயிருக்கு அஞ்சாது சென்று அந்நிகழ்ச்சியை நேரிற் கண்டு எழுதினார்.

1861ஆம் ஆண்டு ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டது. வட மாநிலங்களின் படையில் நான்காண்டுகளில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். ஏரும் உளியும் பிடித்த கைகள் துப்பாக்கி ஏந்தின. அவர்கள் தலையில் ஏறிய தொப்பிக்கும் ஒரு வரலாறு உண்டு. நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியப் படைகள் ஷாக்கோ எனப்பட்ட உயர்ந்த கனத்த தொப்பியை அணிந்தன. பிரெஞ்சுப் படையினர் அல்ஜீரியாவின் வெயிலில் அதைச் சுமக்கலாற்றாது இலேசான துணித் தொப்பிக்கு மாறினர். கெப்பி என்னும் வகை அதிலிருந்து தோன்றியது. அமெரிக்க வீரனுக்குக் கிடைத்த தொப்பியும் அதற்கு உறவுடையதே. கருநீலக் கம்பளித் துணி, முன்புறம் சரியும் தளர்ந்த மேற்பகுதி, உச்சியில் வட்ட அட்டை, நெற்றிக்கு மேல் தோல் விளிம்பு, பக்கத்திற்கொரு பித்தளைப் பொத்தான், இவ்வளவே அது. 1863 முதல் அதன் உச்சியில் படைப்பிரிவின் அடையாளத்தையும் தைத்தனர். வட்டம், பிறை, விண்மீன், சிலுவை என உருவத்தால் பெரும்பிரிவும், சிவப்பு, வெள்ளை, நீலம் என நிறத்தால் உட்பிரிவும் அறியப்பட்டன.

அத்தொப்பி பிடரியை வெயிலினின்று காக்கவில்லை. ஆதலின் போரின் தொடக்கத்தில் ஊர்ப் பெண்கள் பின்புறம் தொங்கும் வெள்ளை உறைகளைத் தைத்து அனுப்பினர். 1857ல் இந்தியாவிற் போரிட்ட ஆங்கிலத் தளபதி ஹேவ்லாக்கின் பெயரே அவ்வுறைகளுக்கு வழங்கிற்று. அவை காற்றை மறைத்து வெப்பத்தை மிகுவித்தன. வீரர்களோ அவற்றைக் கழற்றிக் காப்பி வடிகட்டவும் பாத்திரம் துடைக்கவும் பயன்படுத்திக் கொண்டனர்.

வீரனின் மாதச் சம்பளம் 13 டாலர். உணவு கல்லொத்த ரொட்டியும் உப்பிட்ட பன்றியிறைச்சியும் காப்பியுமே. போரில் குண்டுபட்டு இறந்தவன் ஒருவனாயின், பேதியாலும் காய்ச்சலாலும் மாண்டவர் இருவர் என்னும் அளவில் நோய் அவர்களை அழித்தது. உடைக்கென ஆண்டுக்கு 42 டாலர் ஒதுக்கப்பட்டது. இவ்விடத்தை அன்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தொப்பியும் சட்டையும் காலணியும் வாங்கும்போதெல்லாம் அவற்றின் விலை வீரனின் கணக்கில் எழுதப்பட்டது. ஒதுக்கிய தொகைக்கு மேற்சென்றால் மிகுதி அவன் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. ஆகவே விரைவில் கிழியும் துணியை ஒரு வணிகன் விற்றால், நட்டம் அரசாங்கத்தோடு நின்றுவிடவில்லை. வீட்டிற்குப் பணம் அனுப்பக் காத்திருந்த வீரனின் மடியிலும் அது கை வைத்தது.

அத்தகைய வணிகர் பலர் இருந்தனர். பழைய கம்பளிக் கந்தல்களைப் பிய்த்து மீண்டும் அழுத்தி நெய்த ஷாடி என்னும் போலித் துணியை அவர்கள் நல்ல கம்பளியின் விலைக்கு விற்றனர். 1861ல் நியூயார்க் தொண்டர் படையினருக்கு வழங்கிய அவ்வுடைகள் மழையிலும் நடையிலும் நைந்து உதிர்ந்தன. அன்று முதல் ஷாடி என்னுஞ் சொல்லே ஆங்கிலத்தில் இழிந்த பொருளைக் குறிப்பதாயிற்று.

ஆல்காட் முதலில் போர்க்களத்திலேயே பணி புரிந்தார். 1862ல் தளபதி பர்ன்ஸைடின் வட கரோலினாப் படையெடுப்பில், பகலில் கொடியாலும் இரவில் பந்தத்தாலும் செய்தி அறிவிக்கும் சைகை அதிகாரியாக இருந்தார். அங்கே நோய்வாய்ப்பட்டு நியூயார்க் திரும்பினார். உடல் தேறியபின் போர்த்துறை அவரைத் தனி ஆணையராக நியமித்தது. படைத்துறைக் கணக்குகளில் நிகழும் மோசடிகளை ஆராய்வதே அவர் கடமை. புதிதாகச் சேர்ந்த வீரர்களின் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் பொய்ச் சீட்டுகளைக் காட்டிப் பெரும்பொருள் பெற்ற ஒரு நியூயார்க் வணிகனை அவர் நீதிமன்றத்தில் நிறுத்தித் தண்டனை பெறச் செய்தார். கையூட்டுக்கும் மிரட்டலுக்கும் அவதூறுக்கும் அவர் அசையவில்லை. கர்னல் பட்டம் இப்பணியில் வந்தது. பின்னர்க் கடற்படைத் துறையும் அவரைத் தன் கணக்குகளை ஆராய அழைத்துக் கொண்டது. 1865 ஏப்ரலில் ஆப்ரகாம் லிங்கன் சுடப்பட்டபோது, அக்கொலை பற்றிய விசாரணையிலும் அவர் துணை புரிந்தார்.

இத்தகைய மோசடிகளால் மனம் வெதும்பிய அமெரிக்கப் பேரவை, 1863 மார்ச்சில் அரசாங்கத்திடம் பொய்க் கணக்குக் காட்டுவோரைத் தண்டிக்க ஒரு சட்டம் இயற்றியது. மோசடியை வெளிப்படுத்துவோருக்கு மீட்ட பொருளில் ஒரு பங்கு தரும் அச்சட்டம் திருத்தங்களுடன் இன்றும் அங்கே நடைமுறையில் உள்ளது. தாம் கண்டவற்றை ஆல்காட் பின்னர் ஒரு கட்டுரையாக எழுதினார். 1879ல் நூலில் வெளியான அக்கட்டுரையில், போர்ச் செலவில் ஐந்திலொரு பங்குக்குக் குறையாமல் மோசடி கலந்திருந்தது என்று அவர் கணித்துள்ளார்.

அப்போரின் மற்றோர் அநீதியையும் நாம் மறத்தலாகாது. அடிமைத்தளையினின்று விடுபட்டவர் உட்படக் கறுப்பின மக்கள் ஏறக்குறைய 1,79,000 பேர் அதே நீலத் தொப்பியை அணிந்து போரிட்டனர். வெள்ளை வீரனுக்கு 13 டாலரும் அதற்கு மேல் உடைப்பணமும் கிடைத்தன. கறுப்பு வீரனுக்கோ 10 டாலர். அதிலும் உடைக்கென 3 டாலர் பிடித்தனர். மாசசூசெட்ஸின் 54ஆம் படையினர் அக்குறைந்த கூலியைத் தொடோம் என்று மறுத்துச் சம்பளமின்றியே போரிட்டனர். 1864 ஜூனில்தான் சம ஊதியத்திற்குச் சட்டம் பிறந்தது. ஒரே தொப்பியை அணிவித்தும் உள்ளத்திலிருந்த ஏற்றத்தாழ்வை நீக்கவில்லை. இதன் பொருளை நம் மக்களுக்கு விளக்கவும் வேண்டுமோ?

போருக்குப் பின் ஆல்காட் வழக்கறிஞரானார். 1875ல் பிளாவட்ஸ்கி அம்மையார் முதலியோருடன் பிரம்மஞான சபையை நிறுவினார். 1879ல் இந்தியா வந்து, 1880 மே 25ல் இலங்கையின் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றார். 1885ல் கொழும்புக் குழுவினர் பௌத்தக் கொடியை வகுத்தபோது, நீண்ட துகிலாக இருந்த அதனை நாட்டுக் கொடிகளின் அளவுக்கு மாற்றலாம் என்று யோசனை கூறியவர் அவரே. முன்னாள் சைகை அதிகாரிக்குக் கொடியின் பயன் தெரியாதா?

அடையாற்றில் வாழ்ந்த நாளில், அண்டைச் சேரிகளின் சிறுவர்களுக்குக் கல்வியில்லாத நிலை அவர் கண்ணில் பட்டது. உரிமையுடையோர்க்குரியது சென்று சேரவில்லை என்னும் பழைய கணக்கையே அவர் இங்கும் கண்டார் போலும். 1894ல் அவர்களுக்கென இலவசப் பள்ளியைத் தொடங்கினார். 1898ல் அயோத்திதாசப் பண்டிதர் முதலியோரை இலங்கைக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர்கள் சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பினர். சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்தது. 1907 பிப்ரவரி 17ஆம் நாள் அடையாற்றில் அவர் உயிர் நீத்தார்.

அவர் வாழ்விலிருந்து நாம் கொள்ள வேண்டிய பாடம் எளியது. இரக்கம் என்பது கண்ணீர் விடுவதோடு முடிவதன்று. கணக்கைத் திறந்து பார்ப்பதும் இரக்கமே. பொதுப்பணத்தில் ஒரு காசு குறைந்தால், அது எந்த ஏழையின் தலைத்தொப்பியிலிருந்து பறிக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். பள்ளிகளையும் சங்கங்களையும் நடத்துவோர் இதனை மனத்திற்கொண்டு ஒழுகுவாராயின், அதுவே கர்னலுக்கு நாம் செலுத்தும் மெய்யான வணக்கமாகும்.