சரயேவோவிலும் டெல்லியிலும் ஒரே ரகத் தோட்டா: துப்பாக்கி 'கேலிபர்' என்றால் என்ன? ஜான் பிரவுனிங்கின் கதை

1914 ஜூன் 28, சரயேவோ. ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் ஃபெர்டினாண்டை கவ்ரிலோ பிரின்சிப் சுட்டார். முதல் உலகப்போருக்கு அதுதான் தீப்பொறி. 1948 ஜனவரி 30, டெல்லி பிர்லா மாளிகை. காந்தியை கோட்சே சுட்டார். பிரின்சிப் கையில் இருந்தது பெல்ஜியத்தில் தயாரான எஃப்.என். கைத்துப்பாக்கி, கோட்சே கையில் இருந்தது இத்தாலியின் பெரெட்டா. கம்பெனி வேற, நாடு வேற. ஆனா இரண்டிலும் போட்டிருந்தது ஒரே ரகத் தோட்டா: .380 ஏசிபி. அந்த ரகத்தை வடிவமைத்தவர் ஜான் மோசஸ் பிரவுனிங்.

'9 எம்எம் துப்பாக்கி பறிமுதல்', 'பாயிண்ட் 32 ரிவால்வர் சிக்கியது' என்று நாங்களும் தினம் செய்தி போடுகிறோம். அந்த எண் எதைச் சொல்லுதுன்னு கேட்டால் டெஸ்க்கில் பாதிப் பேர் முழிப்போம். எண் பெரிசா இருந்தா பவர் அதிகம்னுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிரவுனிங்கின் வாழ்க்கையைப் படித்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இன்று புழக்கத்தில் உள்ள பல எண்கள் அவர் பட்டறையில் பிறந்தவைதான்.

அப்பாவின் பட்டறை

அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் ஆக்டன் என்ற ஊர். 1855 ஜனவரி 23-ல் பிரவுனிங் பிறந்தார். அப்பா ஜோனதன் துப்பாக்கி செய்யும் கொல்லர். மார்மன் சமயத்தவர், மூன்று மனைவிகள், 22 பிள்ளைகள். பெரிய பள்ளிப் படிப்பெல்லாம் ஜானுக்குக் கிடையாது. பட்டறையில் கிடந்த உடைசல் பாகங்களை வைத்து சின்ன வயதிலேயே துப்பாக்கி செய்து பழகினார். 1879-ல் அப்பா இறந்தார். அதே வருஷம் அக்டோபரில் ஜானின் முதல் காப்புரிமை வந்தது. ஒரு நேரத்தில் ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடும் ரைஃபிள் அது. 1883-ல் வின்செஸ்டர் நிறுவனத்தின் பென்னட் ரயிலேறி ஆக்டனுக்கே வந்து, 8,000 டாலர் கொடுத்து அந்த உரிமையை வாங்கிப் போனார்.

சரி, கேலிபர்னா என்ன?

துப்பாக்கிக் குழலின் உள் விட்டம். அவ்வளவுதான். அமெரிக்காவில் அதை அங்குலத்தில் சொல்வார்கள், ஐரோப்பாவில் மில்லிமீட்டரில். .45 என்றால் ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு 45 பங்கு, அதாவது 11.43 மி.மீ. .50 என்றால் அரை அங்குலம், 12.7 மி.மீ.

ஆனால் குழலின் உட்சுவர் வழவழப்பா இருக்காது. தோட்டா சுழன்றுகொண்டே போவதற்காகத் திருகு மாதிரி பள்ளம் வெட்டியிருப்பார்கள். மேட்டிலிருந்து மேட்டுக்கு அளந்தால் ஓர் அளவு, பள்ளத்திலிருந்து பள்ளத்துக்கு அளந்தால் இன்னோர் அளவு. 7.62 மி.மீ. ரைஃபிளின் 7.62 மேட்டளவு. அதில் போகும் தோட்டாவின் அகலம் கிட்டத்தட்ட 7.8 மி.மீ. தோட்டா பள்ளத்தை இறுக்கிப் பிடித்தால்தானே சுழலும்!

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. பெயர் வைத்த ஒவ்வொருவரும் ஒரு கணக்கில் வைத்தார்கள். பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1886 ரைஃபிளில் போட்ட .45-70 தோட்டாவில் பின்னால் இருக்கும் 70, வெடிமருந்தின் எடை. .30-06-ல் பின்னால் இருப்பது வருஷம், 1906. .38 என்று பெயர் வாங்கிய ரிவால்வர் தோட்டாவின் உண்மையான அகலம் .357 அங்குலம்தான். பழைய காலத்தில் பித்தளைக் கூட்டின் வெளி விட்டத்தை வைத்துச் சொன்ன எண், தோட்டா மாறிய பிறகும் ஒட்டிக்கொண்டது.

வேட்டைத் துப்பாக்கியின் '12 போர்' இன்னும் வேடிக்கை. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 குண்டுகளாக உருட்டினால் ஒரு குண்டின் அகலம் எவ்வளவோ, அதுதான் குழலின் அகலம். சுமார் 18.5 மி.மீ. அப்படின்னா 20 போர்? 12-ஐ விடச் சின்னது.

அந்த 12 போர்தான் பிரவுனிங்கை வின்செஸ்டரிடமிருந்து பிரித்தது. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ஷாட்கன் ஒன்றை அவர் செய்தார். மொத்தமாக ஒரு தொகை வேண்டாம், விற்கும் ஒவ்வொன்றுக்கும் ராயல்டி வேண்டும் என்றார். வின்செஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ரெமிங்டன் கம்பெனிக்குப் போனார். பேச்சு நடப்பதற்கு முன்பே அதன் தலைவர் ஹார்ட்லி மாரடைப்பில் இறந்துபோனார். 1902-ல் கப்பலேறி பெல்ஜியம் போனார். லியேஜ் அருகே ஹெர்ஸ்டலில் உள்ள எஃப்.என். நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. அவரது கைத்துப்பாக்கிகளையும் எஃப்.என். ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும் பெல்ஜியத் தயாரிப்பான பிரவுனிங் ரகத் துப்பாக்கியால்தான்.

.45 எப்படி வந்தது?

பிலிப்பைன்ஸ் போரில் அமெரிக்க வீரர்களுக்கு .38 ரிவால்வர்மேல் நம்பிக்கை போய்விட்டது. பல குண்டு பட்டும் எதிராளி விழாமல் ஓடிவருகிறார் என்று புகார். 1904-ல் ராணுவம் ஒரு சோதனை நடத்தியது. படிக்கவே சங்கடமான சோதனை: சிகாகோ கசாப்புக் கூடத்தில் உயிரோடிருந்த மாடுகளையும், மனித சடலங்களையும் சுட்டுப் பார்த்தார்கள். .45-க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரை வந்தது. பிரவுனிங் தன் தோட்டாவையும் துப்பாக்கியையும் அந்த அளவுக்கு மாற்றினார். 1911 மார்ச்சில் நடந்த தேர்வில் 6,000 தடவை சுட்டும் அது ஒருமுறைகூடச் சிக்கவில்லை. அதே மாதம் 29-ம் தேதி ராணுவத்தில் சேர்ந்தது. எம்1911 என்பது அதுதான்.

அப்போ அகலம் கூடினால் வலு கூடுமா? அதுதான் இல்லை. .45 தோட்டா சுமார் 15 கிராம், வேகம் வினாடிக்கு 250 மீட்டர் போல. நம் ராணுவத்தின் இன்சாஸ் ரைஃபிள் 5.56 மி.மீ., தோட்டா 4 கிராம்தான். ஆனால் வினாடிக்கு 900 மீட்டருக்கு மேல் பறக்கும். ஆற்றலைக் கணக்குப் போட்டால் .45-ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல். துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் பயன்படும் .22 தோட்டாவும் இன்சாஸ் தோட்டாவும் அகலத்தில் ஏறக்குறைய ஒன்று. ஆற்றலில் பத்து மடங்கு வித்தியாசம். பின்னால் எவ்வளவு நீளக் கூடு, அதில் எவ்வளவு மருந்து என்பதில்தான் விஷயம்.

அதனால்தான் மில்லிமீட்டர் கணக்கில் இரண்டு எண் எழுதுவார்கள். காந்தியைச் சுட்ட .380-ன் இன்னொரு பெயர் 9×17. ராணுவமும் போலீசும் வைத்திருப்பது 9×19. அகலம் ஒன்று, கூட்டின் நீளம் வேறு. ஒன்றை மற்றொன்றுக்குப் போட முடியாது. நம்ம ஊர் உரிமத் துப்பாக்கிகளிலும் இதே கதை. அரசு ஆலையில் செய்யும் .32 ரிவால்வருக்கு ஒரு தோட்டா, .32 பிஸ்டலுக்கு வேறு தோட்டா. பிஸ்டலுடையது பிரவுனிங் வடிவமைத்தது. செய்தியில் 'பாயிண்ட் 32' என்று மட்டும் போட்டால் இரண்டில் எது என்று தெரியாது. இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது பழைய செய்திகளைத் திறந்து பார்க்கவே கூச்சமா இருக்கு.

பீரங்கிக்கு வந்தால் இதே சொல்லுக்கு வேறு அர்த்தம். தனுஷ் பீரங்கி 155 மி.மீ., 45 கேலிபர். அதாவது குழலின் நீளம் அதன் வாய் அகலத்தைப் போல 45 மடங்கு, சுமார் 7 மீட்டர்.

கடைசி நாள்

முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியபோது தன் இயந்திரத் துப்பாக்கிகளின் உரிமையை 7.5 லட்சம் டாலருக்கு அரசுக்குக் கொடுத்தார் பிரவுனிங். வழக்கமான ராயல்டி கேட்டிருந்தால் அதைப்போலப் பல மடங்கு வந்திருக்கும். கவசத்தைத் துளைக்கும் பெரிய தோட்டா வேண்டும் என்று ராணுவம் கேட்டதற்காக அவர் தொடங்கியதுதான் .50 இயந்திரத் துப்பாக்கி. அதன் எம்2 வடிவம் இன்றும் போர்க்களங்களில் இருக்கிறது. அந்தப் போரைத் தொடங்கிவைத்த துப்பாக்கியும் அவருடையது, அதில் சண்டை போட அமெரிக்கா எடுத்துப்போனதும் அவருடையது.

128 காப்புரிமைகள். 1926 நவம்பர் 26-ம் தேதி, ஹெர்ஸ்டல் ஆலையில், மகன் வாலின் பட்டறையில் வேலையாக இருந்தபோது இதயம் நின்றது. வயது 71. அப்போது முடியாமல் கிடந்தது ஒரு 9 மி.மீ. பிஸ்டல். டியூடோனே செவ் என்ற பெல்ஜியக்காரர் அதை 1935-ல் முடித்தார். பெயர் ஹை பவர். நம் மேற்கு வங்கத்து இஷாப்பூர் ரைஃபிள் ஆலையில் '9 எம்எம் 1ஏ' என்ற பெயரில் தயாராகி, இந்திய ராணுவ அதிகாரிகளின் இடுப்பில் தொங்குவது அந்தத் துப்பாக்கிதான்.