எட்வின் லிங்க்

வானிற் பறக்குங் கலையைத் தரையிலேயே பயிற்றுவித்த எட்வின் லிங்க் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம். இவர் 1904-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்திற் பிறந்தனர். தந்தையார் பிங்காம்டன் நகரில் ஆர்கன் வாத்தியத் தொழிற்சாலை நடத்தினர். விமானப் பயிற்சிக்காகும் பெருஞ்செலவை யுணர்ந்த லிங்க், ஆர்கனுக்குரிய துருத்திகளைக் கொண்டே, சாய்ந்துந் திரும்பியும் அசையும் பாவனை விமானமொன்றை 1929-இல் அமைத்தனர். உலகம் அதனை விளையாட்டுப் பொருளாகவே மதித்தது. கேளிக்கைப் பூங்காக்களே அதனை விரும்பி வாங்கின. 1934-இல் தபால் சுமந்து சென்ற இராணுவ விமானிகள் பலர் இரவிலும் மூடுபனியிலும் சிக்கி மாண்டனர். அதன் பின்னரே இராணுவத்தார் ஆறு கருவிகள் வாங்கினர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 5,00,000-க்கு மேற்பட்டோர் அவற்றிற் பயின்றனர். லிங்க் 1981-இல் காலமானார். இன்று அரசாங்கச் சான்று பெற்ற பாவனை விமானங்களிற் பயின்றே விமானிகள் பிரயாணிகளை ஏற்றிச் செல்கின்றனர். உயிர்கள் பல மாண்ட பின்னரே நல்லதோர் கருவியின் அருமையை உலகம் உணர்ந்ததென்பதை நாம் மறத்தலாகாது.